மெலனோமா ஆய்வுக்கு மீனா, சுண்டெலியா?

மெலனோமா என்பது தோலின் நிறமி செல்களில் தொடங்கும் புற்றுநோய். அதை ஆராய எங்கள் குழு தேர்ந்தெடுத்தது வரிக்குதிரை மீன் (zebrafish) என்ற சிறு மீனை. அதனால் இந்த அலசலில் என் சாய்வு மீன் பக்கம்தான்.

மீனுக்குச் சொல்லப்படும் வழக்கமான காரணங்களை நீட்ட வேண்டியதில்லை. ஒரு ஜோடி ஒரே காலையில் இருநூறு முட்டை வரை இடும், இடம் குறைவாகப் பிடிக்கும், மனித மரபணுக்களில் சுமார் 70 சதவீதத்துக்கு மீனில் இணை உண்டு. 'மீன் என்றால் வேகம்' என்பதை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். கரு ஒரே நாளில் உருப்பெறும். கட்டி வர மாதக்கணக்கில் ஆகும். சுண்டெலியில் செல் பெருக்கத்தைத் தூண்டும் பிராஃப் (BRAF) மரபணுவை மாற்றி, புற்றைத் தடுக்கும் பிடென் (PTEN) மரபணுவையும் நீக்கினால் சில வாரங்களிலேயே கட்டி வந்துவிடும்.

அப்புறம் ஏன் மீன்? புற்று தொடங்குவதைக் கண்ணால் பார்க்கலாம் என்பதற்காக.

2005இல் உருவாக்கிய மீனில், நிறமி செல்களில் மனித மெலனோமாவில் காணும் அதே பிராஃப் மாற்றம் இருந்தது. புற்றைத் தடுக்கும் பி53 மரபணுவும் பழுதாக்கப்பட்டிருந்தது. உடம்பு முழுக்க எல்லா நிறமி செல்லுக்கும் ஒரே கோளாறு. ஆனாலும் கட்டி வருவது ஓரிரு இடத்தில்தான். மற்றவை ஏன் சும்மா இருக்கின்றன?

சுண்டெலியில் இந்தக் கேள்வியைத் தொடுவதே கடினம். கைக்குத் தட்டுப்படும்போதே கட்டியில் லட்சக்கணக்கான செல்கள் சேர்ந்திருக்கும். அதற்கு முந்தைய நிலையைப் பார்க்கப் பெரும்பாலும் விலங்கைக் கொன்று தோலை வெட்டிப் பார்ப்பார்கள்; அடுத்த வாரம் பார்ப்பது வேறொரு எலியை. மீனில் நிலைமை வேறு. கிரெஸ்டின் என்ற மரபணு கருவின் நரம்பு முகட்டுச் செல்களில் (நிறமி செல்கள் உருவாவது இவற்றிலிருந்துதான்) இயங்கி, பிறகு அடங்கிவிடும். அது இயங்கும் செல் ஒளிரும்படி, பாஸ்டனில் லியோனார்ட் ஸோன் ஆய்வகம் அதனோடு பச்சையாக ஒளிரும் புரதத்தை இணைத்தது. வளர்ந்த மீனின் தோலில் ஒரே ஒரு செல் பச்சையாக ஒளிரத் தொடங்கி, அதே மீனில் பெருகிக் கட்டியாவதை 2016இல் காட்டினார்கள். கோளாறான மரபணு மட்டும் போதாது, செல் தன் கருநிலைக்கும் திரும்ப வேண்டும் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

தோல் அமைப்பு என்று வந்தால் இரண்டுமே மனிதனுக்குச் சரியான மாற்று இல்லை. மீனுக்கு முடியே கிடையாது. சுண்டெலியின் உடல் தோலிலோ நிறமி செல்கள் பெரும்பாலும் முடிக்குழிக்குள் ஒதுங்கியிருக்கின்றன.

மனிதப் புற்றுச் செல்லை மீன்குஞ்சில் செலுத்தலாம், எதிர்ப்புச் சக்தி முதிராததால் நிராகரிக்காது. ஆனால் மீனுக்கு உகந்தது 28.5 டிகிரி, அந்தச் செல்லுக்கு 37. இடையில் 33, 34 என்று வைத்து ஒப்பேற்ற வேண்டியிருக்கிறது.

உடலின் எதிர்ப்புச் சக்தியைக் கொண்டே புற்றைத் தாக்கும் நோயெதிர்ப்பு சிகிச்சைதான் உங்கள் கேள்வி என்றால் சுண்டெலிக்கே போங்கள். அந்தப் பக்கம் நான் நேரடியாக வேலை செய்ததில்லை, பிறர் செய்ததைப் பார்த்துத்தான் சொல்கிறேன். ஆனால் ஆய்வில் புரதங்களை அடையாளம் காண உதவும் ஆன்டிபாடிகளில், மீனின் புரதங்களில் வேலை செய்வது கிடைப்பது எவ்வளவு அரிது என்பது சொந்த அனுபவம்.