இரண்டு மழைக்காலம் கண்ட ரெடிமேட் செப்டிக் டேங்க்

மன்னார்குடிக்கு அருகே, பாமணியாற்றை ஒட்டிய எங்கள் ஊர் வீட்டில் பழைய கழிப்பறைக் குழியை மூடிவிட்டு, கடையில் விற்கும் பிளாஸ்டிக் செப்டிக் டேங்க் ஒன்றை வாங்கிப் புதைத்து இரண்டு மழைக்காலங்கள் கடந்துவிட்டன. விற்றவர்களின் பெயரை எழுதப்போவதில்லை. இதே வடிவத்தில் பலர் விற்கிறார்கள். நான் சொல்லவிருக்கும் குறைகளும் தொட்டியைவிட அதைப் பொருத்திய விதத்தையே அதிகம் சேர்ந்தவை. வீட்டுக்குப் பின்னால் அடிபம்போ கிணறோ வைத்திருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முன்பு எங்களிடம் இருந்ததையும் செப்டிக் டேங்க் என்றுதான் சொல்லிவந்தோம். உண்மையில் அது சிமெண்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி, அடியைப் பூசாமல் மண்ணாகவே விட்ட குழி. இருபது வருடமாக ஒருமுறைகூட அள்ளியதில்லை என்று அப்பா பெருமையாகச் சொல்வார். உள்ளே போன நீரெல்லாம் அடிமண் வழியே இறங்கிக்கொண்டிருந்ததால்தான் அது நிரம்பவில்லை. அந்தக் குழிக்கும் அடிபம்புக்கும் இடையே பதினான்கு தப்படிதான் தூரம். பம்பின் குழாய் இறங்கியிருப்பதோ 25 அடி.

புதிய தொட்டி 1,500 லிட்டர், இரண்டு அறைகள் கொண்டது, வீட்டில் நாங்கள் ஐந்து பேர். முதல் அறையில் கசடு அடியில் படிந்து, மேலே ஏடு மிதக்க, நடுவிலுள்ள நீர் இரண்டாம் அறைக்குச் சென்று, ‘டி’ வடிவக் குழாய் வழியே வெளியேறுகிறது. தொட்டி என்ற அளவில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. செங்கல் தொட்டியில் கொத்தனார் பூச்சில் சிக்கனம் பிடித்தால் மூன்றாம் வருடமே கசியும். இதில் மூட்டே இல்லாததால் அந்தக் கவலை இல்லை. மூடி இறுக்கமாக உட்காருகிறது, நாற்றமும் கொசுவும் அடியோடு நின்றுபோயின.

விற்றவர்கள் சொன்ன மூன்று வாக்குறுதிகள் வேறு கதை. ஆயுளுக்கும் அள்ள வேண்டியதில்லை என்றார்கள். எந்தச் செப்டிக் டேங்கிலும் கசடு சேரத்தான் செய்யும், இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அள்ளாவிட்டால் அது நீரோடு சேர்ந்து வெளியே போகும். மாதம் ஒரு பொட்டலம் பாக்டீரியா பவுடர் போட வேண்டும் என்றார்கள். தேவையான கிருமிகள் மலத்திலேயே ஏராளமாக இருப்பதால் அதை நான் இரண்டாம் மாதமே நிறுத்திவிட்டேன், எந்த வித்தியாசமும் தெரியவில்லை. மூன்றாவது, வெளியே வருவது சுத்தமான தண்ணீர் என்பது. நிலத்தடி நீரைப் பொறுத்தவரை ஆபத்தான வாக்குறுதி இதுதான்.

செப்டிக் டேங்க் திடப்பொருளைப் பிரித்து வைக்கிறது, அவ்வளவே. நீரில் கரைந்திருக்கும் கரிமக் கழிவில் பாதிக்கு மேல் அப்படியே வெளியேறுகிறது. கிருமிகளும், சிறுநீரிலுள்ள தழைச்சத்தில் (நைட்ரஜன்) பெரும்பகுதியும் அதோடு போகின்றன. ஒரு மனிதர் ஆண்டுக்கு ஏறத்தாழ 4 கிலோ தழைச்சத்தைக் கழிக்கிறார். 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் இருப்பது சுமார் 21 கிலோ. அப்படியென்றால் ஐந்து பேர் உள்ள எங்கள் வீடு, ஒவ்வோர் ஆண்டும் ஏறக்குறைய ஒரு மூட்டை யூரியாவின் சத்தைக் கொல்லைப்புறத்தில் ஒரே இடத்தில் மண்ணுக்குள் விட்டுக்கொண்டிருக்கிறது. வயலில் போட்டால் பயிராவது எடுத்துக்கொள்ளும்.

இந்த நீரை மண் சுத்திகரிக்காது என்று நான் சொல்லவில்லை. காற்றோட்டமுள்ள உலர்ந்த மண் நல்ல வடிகட்டி. கிருமிகள் மணல் துகள்களில் சிக்கிப் பட்டினியாகச் சாகின்றன. ஆனால் அதே காற்றோட்டம், தழைச்சத்தின் ஒரு வடிவமான அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றிவிடுகிறது, நைட்ரேட் மண்ணில் ஒட்டாமல் நீரோடு நீராக இறங்கிவிடும். டெல்டாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆற்றில் தண்ணீர் வந்தாலே எங்கள் பகுதியில் நிலத்தடி நீர் மேலேறத் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகையில் கடப்பாரையால் இரண்டடி குத்தினாலே நீர் தெரியும். அப்போது, தொட்டியிலிருந்து வெளியேறும் நீரை மண்ணில் இறக்க வெட்டும் உறிஞ்சுகுழிக்கும் நிலத்தடி நீருக்கும் நடுவில் உலர்ந்த மண் என்று எதுவுமே இருப்பதில்லை, இரண்டும் ஒரே நீர்தான்.

பொருத்த வந்தவர்கள் உறிஞ்சுகுழியை ஏழடி ஆழத்துக்கு, அடிபம்பிலிருந்து இருபத்தைந்து அடியில் வெட்டினார்கள். கேட்டதற்கு, “தண்ணிதானே சார் போகுது, மண்ணு வடிகட்டிடும்” என்றார் மேஸ்திரி. செப்டிக் டேங்குக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2470, கழிவுநீரை மண்ணில் விடும் இடம் குடிநீர் ஆதாரத்திலிருந்து குறைந்தது 18 மீட்டர், அதாவது ஏறத்தாழ அறுபதடி, தள்ளியிருக்க வேண்டும் என்கிறது. நிலத்தடி நீர் 1.8 மீட்டருக்குள் இருக்கும் இடங்களில் குழி வெட்டாமல் தரைக்கு மேல் மேடு அமைத்து அதில் நீரை விடச் சொல்கிறது. அன்று எனக்கு இது தெரியாது. தொழிலாக அதையே செய்கிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதே என் மனத்தாங்கல்.

முதல் தீபாவளி மழையிலேயே உறிஞ்சுகுழி நிரம்பிக் கழிப்பறையில் நீர் இறங்க மறுத்தது. லாரியை வரவழைத்துத் தொட்டியைக் காலி செய்தோம். (எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள் என்று கேட்டேன்; நேரான பதில் வரவில்லை.) மறுநாள் காலை தொட்டி தரைக்கு மேல் நான்கு விரற்கடை எழும்பி நின்றது, உள்ளே வரும் குழாயின் இணைப்பு விட்டிருந்தது. சுற்றிலும் நீர் நிற்கும் மண்ணில் காலித் தொட்டி ஒரு படகுதான். அடியில் கான்கிரீட் தளம் போட்டு, பட்டை கொண்டு அதனோடு பிணைத்திருக்க வேண்டும். எங்கள் தொட்டிக்கு அடியில் ஆற்றுமணல் மட்டுமே இருந்தது.

அந்த வாரமே ஊராட்சியின் நீர்ப் பரிசோதனைப் பெட்டியை வைத்திருக்கும் மகளிர் குழு அக்கா ஒருவரை அழைத்து அடிபம்புத் தண்ணீரைப் பார்க்கச் சொன்னேன். சிறிய கண்ணாடிக் குப்பியில் கோடு வரை நீரை நிரப்பி, மூடி, அலமாரியில் வைத்துவிட்டுப் போனார். மலக்கிருமி இருந்தால் ஒன்றிரண்டு நாளில் நீர் கறுக்கும் என்றார். மறுநாள் விடியும்போதே மை கரைத்தது போல் இருந்தது. சித்திரையில் மீண்டும் பார்த்தபோது குப்பி கறுக்கவில்லை, ஆனால் நைட்ரேட் சோதனையின் நிறம் வண்ண அட்டையில் 45-ஐத் தாண்டிய கட்டத்தோடு பொருந்தியது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் கூடாது என்பது இந்திய வரம்பு. வயலில் போடும் உரத்துக்கும், மூடிய பழைய குழிக்கும் அதில் பங்கிருக்கலாம். எல்லாப் பழியையும் புதிய தொட்டியின்மேல் போட மாட்டேன். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது, நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடவே செய்யும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு அந்த நீரில் பால்மாவு கரைத்துக் கொடுக்கக் கூடாது.

பிறகு என் செலவிலேயே சரிசெய்தேன். தொட்டியைத் தளம் போட்டுப் பிணைத்தோம். உறிஞ்சுகுழியை மூடிவிட்டு, கொல்லையின் மறுகோடியில், பம்பிலிருந்து எழுபதடி தள்ளி, மூன்றடி உயரத்துக்கு மணல் மேடு அமைத்து, ஜல்லிக்கு நடுவே துளையிட்ட குழாயைப் பதித்தோம். தொட்டி பள்ளத்தில் இருப்பதால் நீரை மேலேற்ற ஒரு சிறிய மோட்டாரும் தேவைப்பட்டது. எல்லாம் சேர்த்துத் தொட்டியின் விலையைத் தாண்டிவிட்டது.

ஆகவே தொட்டியை வாங்கலாம், ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். பொருத்தும் சேவைக்கு ஒன்றுதான். குழி வெட்டும் முன்பே வெளியேறும் நீர் எங்கே போகிறது, பம்பு எத்தனை அடியில், கார்த்திகையில் நீர்மட்டம் எங்கே என்ற மூன்றையும் விற்பவரிடம் கேளுங்கள். விழித்தால் தொட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு வேலையை வேறு ஆளிடம் கொடுங்கள்.

இந்தக் கார்த்திகையில் வைத்த குப்பி இரண்டு நாளாகியும் கறுக்கவில்லை. ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் முப்பதடியில் பக்கத்து வீட்டின் உறைக் குழி இன்னும் அப்படியே இருக்கிறது. குடிக்கக் குழாய்த் தண்ணீரைத்தான் பிடிக்கிறோம். அடிபம்பு பாத்திரம் கழுவ மட்டும்.