மேக்கர் யூனோ: கற்கத் தொடங்குவோருக்கு உகந்த பலகை

படிவம் இரண்டில் பயிலும் என் அக்காள் மகள் மின்னணுவியல் கற்க விரும்பியபோது, எந்த நுண்கட்டுப்படுத்திப் பலகையை (நாம் எழுதும் நிரலின்படி விளக்கு, உணரி போன்றவற்றை இயக்கும் சிறு மின்சுற்றுப் பலகையை) அவளிடம் கொடுப்பது என்று சில வாரங்கள் யோசித்தேன். பட்டர்வொர்த்தில் உள்ள எங்கள் வீட்டில் ராஸ்பெர்ரி பை பிக்கோ, ஈஎஸ்பி32 என்ற இரு பலகைகள் ஏற்கெனவே இருந்தன. ஆயினும், நம் பினாங்கில் இயங்கும் சைட்ரான் நிறுவனத்தின் மேக்கர் யூனோவையே வாங்கினேன். ஆறு மாதங்கள் பயன்படுத்திய பிறகும் அதையே பரிந்துரைக்கிறேன்.

கற்போர் பரவலாகப் பயன்படுத்தும் அர்டுயினோ யூனோ ஆர்3 பலகையில் உள்ள அதே ஏடிமெகா328பி சில்லுதான் இதிலும் இருக்கிறது: 16 மெகாஹெர்ட்ஸ் வேகம், நிரலுக்கு 32 கிலோபைட், ரேம் 2 கிலோபைட். ஆகவே யூனோவுக்கென எழுதப்பட்ட பாடங்களை இதிலும் அப்படியே செய்து பார்க்கலாம். கூடுதலாக, எண்முறை முனைகளின் (கம்பி செருகும் எண்ணிட்ட இணைப்பிடங்களின்) நிலையைக் காட்டும் சிறு எல்இடி விளக்குகளும், 8ஆம் முனையில் ஒலி எழுப்பும் ஒரு பஸரும், 2ஆம் முனையில் ஒரு பொத்தானும் பலகையிலேயே பொருத்தப்பட்டுள்ளன.

அந்த விளக்குகளின் அருமை, பிழை நேரும்போதுதான் தெரிகிறது. சாலைச் சமிக்ஞை விளக்கு செய்துகொண்டிருந்த ஒரு மாலையில், பிரெட்போர்டில் (பற்றவைக்காமலே உதிரிகளைச் செருகி இணைக்கும் துளைப்பலகையில்) செருகிய மஞ்சள் எல்இடி மட்டும் எரியவில்லை. நிரலில் தவறா, கம்பியில் தவறா என்று நான் சொல்வதற்குள், அவள் பலகையைக் குனிந்து பார்த்து, "மாமா, 9ஆம் நம்பர் லைட் இங்கே எரியுது, அப்போ புரோகிராம் சரிதான்" என்றாள். நீண்ட கால் தரைமுனைப் பக்கம் செருகப்பட்டிருந்ததை அவளே கண்டுபிடித்துத் திருப்பிப் போட்டாள். தானாகப் பிழை திருத்தும் இந்தத் துணிவைத்தான் முதல் பலகை ஒரு பிள்ளைக்குத் தர வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இது 5 வோல்ட்டில் இயங்குவதும் தொடக்கநிலைக்கு வசதியே. தூரம் அளக்கும் எச்சி-எஸ்ஆர்04 உணரியை நேரடியாக இணைத்துவிடலாம். ஆனால் 3.3 வோல்ட்டில் இயங்கும் பிக்கோ, ஈஎஸ்பி32 ஆகியவற்றில் இணைப்பதானால், உணரி திருப்பி அனுப்பும் 5 வோல்ட்டை மின்தடைகளால் குறைக்காவிட்டால் முனை பழுதடையக்கூடும். 2021இல் வெளிவந்த பிக்கோவில் 264 கிலோபைட் ரேம் இருப்பது உண்மைதான். ஆனால் அதன் அடிப்படை வகையில் பிரெட்போர்டில் செருகுவதற்கான ஊசிகளை நாமே பற்றவைக்க வேண்டும்.

வைஃபை இல்லாதது மேக்கர் யூனோவின் பெருங்குறை. கைப்பேசியிலிருந்து எதையேனும் இயக்க விரும்புவோர் ஈஎஸ்பி32-க்கே செல்ல வேண்டும். சில கணினிகளில் பலகையைக் கணினி அடையாளம் காண உதவும் சிஎச்340 டிரைவர் மென்பொருளையும் தனியாக நிறுவ நேரிடும். கோலாலம்பூரில் இருப்பவர்கள் பிரெட்போர்டு, மின்தடை போன்ற உதிரிகளை ஜாலான் பாசார் கடைகளில் நேரில் பார்த்தே வாங்கலாம்.

யூஎஸ்பி கேபிளைக் கவனித்து வாங்குங்கள். மின்னேற்றம் மட்டும் செய்யும் கேபிளைச் செருகிவிட்டு, பலகையைக் கணினி ஏன் அடையாளம் காணவில்லை என்று ஒரு ஞாயிறு முழுவதும் தேடினோம். தரவு செல்லும் கேபிளில் இப்போது சிவப்பு நாடா ஒட்டி வைத்திருக்கிறோம்.