வீட்டில் ஐந்து கணினி, ஒரு ஆபிஸ்: பதினைந்து வருடக் கணக்கு

2020 ஆகஸ்ட், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மனைவி சமையலறையிலிருந்து கரண்டியும் கையுமாக வந்து நின்று, "என்னங்க, வேலையை விடப் போறீங்களா?" என்று கேட்டாள். ஊரடங்கில் அலுவலகத்தில் சம்பளத்தைக் குறைத்திருந்தார்கள். கோபத்தில் ஒரு ராஜினாமாக் கடிதம் அடித்து வைத்திருந்தேன், அவ்வளவுதான். கொடுக்கும் தைரியமெல்லாம் இல்லை. ஆனால் அது என் லேப்டாப்பில் அல்லவா இருக்கிறது, இவளுக்கு எப்படித் தெரிந்தது?

அவள் தன் லேப்டாப்பில் வேர்டைத் திறந்திருக்கிறாள். சமீபத்தில் திறந்த கோப்புகளின் பட்டியலில் முதல் வரியே 'ராஜினாமா இறுதி 2'. தப்பு என்னுடையதுதான். வேர்டு, எக்செல் எல்லாம் சேர்ந்த மைக்ரோசாஃப்ட் ஆபிஸுக்குக் குடும்பத்துக்கென்று சந்தா வாங்கிவிட்டு, எல்லாக் கணினியிலும் என் ஒருவனுடைய கணக்கிலேயே உள்நுழைந்து வைத்திருந்தேன். ஒரே வீடுதானே, ஒரே கணக்குப் போதாதா என்ற நினைப்பு. அந்த ஒரு நினைப்பைத் திருத்திக்கொள்ள எனக்குப் பல வருடம் ஆனது. அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன். நான் கணினித் துறைக்காரன் இல்லை. தஞ்சாவூரில் ஒரு கம்பெனியில் கணக்கெழுதுகிறவன்.

வீட்டுக்கு முதலில் வந்த ஆபிஸ், 2010 கடைசியில் வாங்கிய 'ஹோம் அண்ட் ஸ்டூடண்ட் 2010' பெட்டி. உள்ளே ஒரு தகடு, இருபத்தைந்து எழுத்துச் சாவி. வேர்டு, எக்செல், பவர்பாயிண்ட், ஒன்நோட் இருக்கும், அவுட்லுக் கிடையாது. அந்தப் பெட்டியின் அழகே, ஒரே வீட்டில் மூன்று கணினிகளில் போட்டுக்கொள்ளலாம் என்பதுதான். அப்பாவின் மேசைக் கணினியில் ஒன்று, என் லேப்டாப்பில் ஒன்று. மூன்றாவதைத் திருச்சியில் இருக்கும் தம்பிக்குக் கொடுத்தேன். 'ஒரே வீடு' என்று விதியில் எழுதியிருந்தது பிறகுதான் கண்ணில் பட்டது. தம்பி வேறு வீடா என்று அப்போது கேட்டிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். ஆனால் மென்பொருள் பாஷையில் வேறு வீடுதான். எங்கள் கணினியை ஃபார்மட் செய்தபின் சாவி ஏற்கவில்லை. நீளமான ஒரு எண்ணைக் கட்டம் கட்டமாகத் தொலைபேசியில் அழுத்தி, அவர்கள் திருப்பிச் சொன்ன எண்ணை அப்பா வாசிக்க வாசிக்க நான் அடித்தேன். தலைமையாசிரியராக இருந்தவர் என்பதால் டிக்டேஷன் மாதிரி நிறுத்தி நிதானமாக வாசித்தார். முதல் தடவையிலேயே வேலை செய்தது.

2013 பதிப்பு வந்தபோது மூன்று என்பது ஒன்றாகிவிட்டது. ஒரு பெட்டி, ஒரு கணினி. ஆரம்பத்தில் அந்தக் கணினி செத்தால் ஆபிஸும் அதோடு போச்சு என்றுதான் விதி. பலரும் கூச்சல் போட்டபின், 2013 மார்ச்சில், வேறு கணினிக்கு மாற்றலாம், ஆனால் 90 நாளுக்கு ஒருமுறைதான் என்று தளர்த்தினார்கள். அதே வருடம் ஜனவரியில்தான் சந்தா முறை வீட்டுக்கென்று வந்தது: வருடத்துக்கு இவ்வளவு, ஐந்து கணினி. நான் இரண்டையும் வாங்கவில்லை. 2010 பெட்டியையே இழுத்து ஓட்டினேன். அதற்கான ஆதரவு, அதாவது மைக்ரோசாஃப்ட் தரும் பாதுகாப்புத் திருத்தங்கள், 2020 அக்டோபர் 13 வரை இருந்தது. கொடுத்த காசுக்கு அதுபோல உழைத்த பொருள் எங்கள் வீட்டில் வெட்கிரைண்டர் ஒன்றுதான்.

இடையில் ஒரு கடைக் கதை. 2019இல் மனைவிக்கு லேப்டாப் வாங்கினோம். "ஆபிஸ் ஃப்ரீயா வருது சார், லைஃப்டைம்" என்றார்கள். வந்தது உண்மைதான். கணினியோடு வரும் அந்த ஆபிஸ், முதன்முதலாக எந்தக் கணக்கில் செயல்படுத்தப்படுகிறதோ அந்தக் கணக்கோடு ஒட்டிக்கொள்ளும். கடைப் பையன், "எல்லாம் ரெடி பண்ணித் தரேன் சார்" என்று தன்னுடைய ஏதோ ஒரு மின்னஞ்சலைப் போட்டுச் செயல்படுத்திவிட்டான். எட்டு மாதம் கழித்து விண்டோஸை மறுபடி நிறுவியபோது ஆபிஸ் அந்த மின்னஞ்சலைக் கேட்டது. கடைக்குப் போனால் பையன் வேலையை விட்டுப் போயிருந்தான். பில் இருக்கிறது, பெட்டி இருக்கிறது, கணினி இருக்கிறது, ஆபிஸ் மட்டும் யாரோ ஒருவனுடையது. புது லேப்டாப் வாங்குபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கடையில் திறக்க விடாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து, யார் அதைப் பயன்படுத்தப் போகிறார்களோ அவர்கள் கணக்கிலேயே செயல்படுத்துங்கள். இன்னொன்று, இப்படிக் கணினியோடு வரும் ஆபிஸை வேறு கணினிக்கு மாற்ற முடியாது. லேப்டாப் போனால் அதுவும் போகும்.

பிறகு 2020. பிள்ளைகள் இருவருக்கும் இணைய வகுப்பு, எனக்கு வீட்டிலிருந்து வேலை. வீட்டில் ஐந்து கணினி ஆகிவிட்டது. அதில் ஒன்று மச்சானிடம் இரவல். அந்த ஏப்ரலில்தான் ஆபிஸ் 365 ஹோம் என்ற குடும்பச் சந்தாவுக்கு மைக்ரோசாஃப்ட் 365 ஃபேமிலி என்று பெயர் மாற்றினார்கள். வாங்கினேன். மேலே சொன்ன ராஜினாமா நாடகம் அதன் முதல் பலன்.

இந்தச் சந்தாவில் நீங்கள் கணினிகளைப் பகிர்வதில்லை, இருக்கைகளைப் பகிர்கிறீர்கள். 2018 அக்டோபருக்குப் பிறகு கணினி எண்ணிக்கைக்கு வரம்பே இல்லை. ஆள் எண்ணிக்கைதான் வரம்பு. வாங்கியவரையும் சேர்த்து ஆறு பேர். ஒவ்வொருவரும் எத்தனை கருவியில் வேண்டுமானாலும் நிறுவலாம், ஒரே நேரத்தில் ஐந்தில் உள்நுழைந்திருக்கலாம். போன், டேப்லெட்டும் இந்த ஐந்தில் சேரும். நான் என் கணக்கையே எல்லாவற்றிலும் போட்டு, அப்புறம் என் போனிலும் போட்டபோது, ஏதாவது ஒரு கணினியிலிருந்து வெளியேறச் சொன்னது ஏன் என்று இப்போது புரிகிறது. ஆறு இருக்கைக்குக் காசு கொடுத்துவிட்டு, ஒரே இருக்கையில் குடும்பத்தையே உட்கார வைத்திருந்தேன்.

சரிசெய்வது பெரிய வேலை இல்லை. கணக்குப் பக்கத்தில் 'பகிர்வு' என்ற இடத்தில் ஒவ்வொருவருடைய மின்னஞ்சலுக்கும் அழைப்பு அனுப்ப வேண்டும். அவர்கள் தங்கள் கணக்கில் ஏற்க வேண்டும். கோப்புகளை இணையத்தில் சேமித்து வைக்க, ஒன்டிரைவ் என்ற சேவையில் அவரவருக்குத் தனியாக ஒரு டெராபைட் (ஏறக்குறைய ஆயிரம் ஜிபி) இடம் கிடைக்கும். ஒருவர் கோப்பை இன்னொருவர் பார்க்க முடியாது. காசு கட்டுகிற நானும் பார்க்க முடியாது. மகளுக்கு இதைச் சொன்னபோது நம்பவில்லை. "அப்பா, சத்தியமா?" என்று கேட்டுவிட்டுத்தான் அழைப்பை ஏற்றாள். சிரமமெல்லாம் பழைய கோப்புகளைப் பிரிப்பதில்தான். நான்கு பேருடைய நாலு மாதக் கோப்பு என் ஒன்டிரைவில் கலந்து கிடந்தது. மகனின் அறிவியல் செயல்திட்டம் என் வருமானவரிக் கோப்புறைக்குள் இருந்தது. இரண்டு ஞாயிறு போனது.

ஆறு டெராபைட் என்று கேட்டதும் ஆசையாக இருக்கும். ஆனால் அது ஆறு தனி டெராபைட். மாமனார் பெயரில் உள்ள இடத்தில் மூன்று ஜிபிகூட நிறையவில்லை, நான் புகைப்படங்களை ஏற்றி ஏற்றி என்னுடையதை முக்கால்வாசி நிரப்பிவிட்டேன். அவர் மீதியை எனக்குத் தர வழியில்லை. சந்தாவை நிறுத்தினால் எல்லோரும் பழைய இலவச 5 ஜிபிக்குத் திரும்புவோம். அதற்கு மேல் இருப்பதைப் பார்க்கலாம், இறக்கலாம், புதிதாக ஏற்ற முடியாது. அப்படியே விட்டுவைத்தால் ஒரு கட்டத்தில் அழிக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு. அதனால் வருடம் ஒருமுறை எல்லாவற்றையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இறக்கி பீரோவில் வைக்கிறேன். மனைவி அதைப் பழைய பட்டுப்புடவைக்குள் சுற்றி வைத்திருக்கிறாள். நகையை எங்கே வைக்கிறாளோ தெரியாது.

மாமனார் பட்டுக்கோட்டைப் பக்கம் கிராமத்தில் இருக்கிறார். தென்னந்தோப்புக் கணக்கை எக்செலில் எழுதுவார். ஒருநாள் போன்: "மாப்பிள்ளை, கணக்கு திறக்குது, ஆனா எழுத விடமாட்டேங்குது." அவர் வீட்டில் இணையம் இல்லை. சந்தா உயிரோடு இருக்கிறதா என்று ஆபிஸ் மாதம் ஒருமுறையாவது இணையத்தில் பார்த்துக்கொள்ளும். பார்க்க முடியாவிட்டால் படிக்கலாம், அச்சிடலாம், திருத்த முடியாது என்ற நிலைக்குப் போய்விடும். போனில் ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பை இணைக்கச் சொன்னேன், சரியாகிவிட்டது. இப்போது அமாவாசைக்கு அமாவாசை ஹாட்ஸ்பாட் போடுவதாகச் சொல்கிறார். எனக்கு அதைவிட நல்ல நினைவூட்டல் தோன்றவில்லை.

விலை. 2022இல் பட்டியல் விலை வருடத்துக்கு 6,199 ரூபாய். ஆறு பேரும் பயன்படுத்தினால் அப்போது தலைக்கு 1,033, மாதம் 86 ரூபாய் ஆனது. இரண்டு பேர்தான் என்றால் கணக்கு வேறு. நான் பண்டிகைத் தள்ளுபடியில் வரும் சந்தாக் குறியீடுகளைத்தான் வாங்குகிறேன். ஒன்றின் மேல் ஒன்றாக ஐந்து வருடம் வரை சேர்த்துக்கொள்ளலாம். கார்டு விவரம் கொடுத்துத் தானாகப் பணம் எடுக்க விடுவதில் எனக்கு விருப்பமில்லை, அது என் தொழில் புத்தி.

"ஐந்நூறு ரூபாய்க்கு ஆயுள் முழுக்க ஆபிஸ், ஐந்து கணினி" என்று வாட்ஸாப்பில் வருவதைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். என் நண்பர் ஒருவர் வாங்கினார். வந்தது சாவி இல்லை. கேள்விப்படாத ஒரு முகவரியில் முடியும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும். இப்படி விற்பவை பெரும்பாலும் எங்கோ ஒரு கல்லூரி அல்லது கம்பெனியின் பெயரில் எடுத்த உரிமத்திலிருந்து கிள்ளிக் கொடுப்பவை. அதன் நிர்வாகி நினைத்தால் உங்கள் கோப்பைப் பார்க்கலாம், கணக்கை ஒரே சொடுக்கில் மூடலாம். பதினான்கு மாதம் நன்றாக ஓடி, ஒரு காலையில் அப்படித்தான் மூடியது. மென்பொருள் போனது பெரிதில்லை. குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்களை அதில்தான் ஏற்றி வைத்திருந்தார்.

அப்பாவுக்கு ஒரு இருக்கை ஒதுக்கினேன். ஒரு மாதம் தாங்கவில்லை. கடவுச்சொல், ஓடிபி, "உள்நுழையவும்" என்று திரும்பத் திரும்பக் கேட்பது எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. "எழுதறதுக்கு எதுக்குடா ஓடிபி?" என்றார். நியாயமான கேள்வி. இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸ் என்ற வேறொரு மென்பொருளைப் போட்டுக் கொடுத்தேன். உரிமச் சாவி, கணக்கு, ஆள் வரம்பு எதுவும் கிடையாது. எத்தனை கணினியில் வேண்டுமானாலும் போடலாம். 2025 அக்டோபரில் விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்ததும் அவருடைய பழைய கணினியில் அதற்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றினேன். அவருக்குப் பழக்கமான பழைய தமிழ் டைப்ரைட்டர் விசை அமைப்பு அதிலும் கிடைக்கிறது.

லிப்ரே ஆபிஸில் தமிழ் எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலத்துக்கு ஒரு எழுத்துரு, ஒரு அளவு. தமிழுக்கு வேறு எழுத்துரு, வேறு அளவு. இரண்டையும் தனித்தனியாக அமைக்க வேண்டும். தெரியாமல் நான் ஆங்கில அளவையே மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, எழுத்து பெரிதாகவே இல்லையே என்று அரைமணி நேரம் திட்டிக்கொண்டிருந்தேன். வேர்டு கோப்பை அதில் திறந்தால் பக்க அமைப்பு கொஞ்சம் நகரும். கடிதம், கட்டுரைக்குக் கவலையில்லை. அலுவலகத்திலிருந்து வரும், மேக்ரோ (வேலையைத் தானாகச் செய்யும் கட்டளைகள்) போட்ட எக்செல் கோப்புகளை மட்டும் நான் அதில் திறப்பதில்லை. ஒருமுறை திறந்து சேமித்து, மாதக் கடைசியில் பட்டது போதும். அப்பாவின் தொண்ணூறுகளின் கோப்புகள் வேறு சங்கதி. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்தவை, அந்த எழுத்துரு இல்லாவிட்டால் எந்த ஆபிஸிலும் கிறுக்கலாகத்தான் தெரியும். மென்பொருள் மாற்றினால் சரியாகாது, யூனிகோடுக்கு மாற்ற வேண்டும்.

மனைவியும் பாதி லிப்ரே ஆபிஸுக்கு வந்துவிட்டாள். வீட்டில் ஆரி வேலை எடுத்துச் செய்கிறாள், வாடிக்கையாளர்களுக்கு பில் போடுகிறாள். ஃபேமிலி சந்தா வீட்டு உபயோகத்துக்கு மட்டும், தொழிலுக்கு இல்லை என்பது விதி. யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று சிலர் சொல்வார்கள். கணக்கெழுதிப் பிழைப்பவனுக்கு அந்த வாதம் எடுபடவில்லை. பில்லுக்கு லிப்ரே ஆபிஸ், மற்றதுக்கு வேர்டு என்று பிரித்துக்கொண்டோம்.

மகளுக்குக் கல்லூரியே ஒரு கணக்கு தந்திருக்கிறது, உலாவியில் திறக்கும் வேர்டும் எக்செலும் அதில் உண்டு. அவள் இருக்கையை எடுத்து என் தம்பிக்குக் கொடுத்தேன். 2010இல் விதியை மீறிக் கொடுத்ததை இப்போது அவன் பெயரிலேயே அழைப்பு அனுப்பிக் கொடுத்தாயிற்று. படிப்பு முடிந்தால் கல்லூரிக் கணக்கு நிற்காது. கடைசிப் பருவத்திலேயே கோப்புகளை எடுத்துவிடு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

2025 ஜனவரியில் கோபைலட் என்ற செயற்கை நுண்ணறிவைச் சந்தாவில் சேர்த்தார்கள், விலையும் ஏறியது. அது சந்தா வாங்கியவருக்கு மட்டும். மற்ற ஐந்து பேருக்குக் கிடையாது. மகன் இதைக் கேட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். ஏற்கெனவே சந்தாவில் இருப்பவர்கள் அது இல்லாத 'கிளாசிக்' திட்டத்துக்கு மாறலாம் என்பதைத் தெளிவாகச் சொல்லவில்லை என்று ஆஸ்திரேலியாவின் நுகர்வோர் ஆணையம் 2025 அக்டோபரில் வழக்கே போட்டிருக்கிறது. நான் சேர்த்து வைத்த குறியீடுகள் இன்னும் தீரவில்லை. தீரும்போது கிளாசிக் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த முடிவு.

இப்போதைய நிலவரம்: நான், மனைவி, மகன், மாமனார், தம்பி ஆக ஐந்து பேர். ஆறாவது இருக்கை அப்பா எழுந்துபோனதிலிருந்து காலி. போன வாரம் அத்தை மகன் கேட்டான், "அத்தான், உங்க பாஸ்வேர்டை மட்டும் குடுங்க, நான் போட்டுக்கறேன்" என்று. பாஸ்வேர்டு வேண்டாம், உன் மின்னஞ்சலை அனுப்பு என்றேன். இன்னும் அனுப்பவில்லை.