கழுத்து வலி, இடுப்பு வலி: ஸ்கேன், மாத்திரை, பெல்ட், பயிற்சி, ஆபரேஷன் – எது எப்போது?

இடுப்பு வலிக்கு என்ன செய்யலாம் என்று கேட்டால் பதில் சொல்ல நம் ஊரில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. அசையாமல் பத்து நாள் படு என்பார் ஒருவர். பெல்ட் வாங்கிக் கட்டு என்பார் இன்னொருவர். எதற்கும் ஒரு எம்ஆர்ஐ எடுத்துவிடு, தைலம் தேய், யோகாவில் சேர், கழுத்தை ஒரு சொடுக்கு சொடுக்கினால் போய்விடும் என்று பட்டியல் நீளும். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் செய்தால் கடைசியில் எது கேட்டது என்றே தெரியாது. அதனால் ஒன்றுக்கு எதிரே ஒன்றை நிறுத்திப் பார்க்கலாம்.

அதற்கு முன்னால், வந்திருப்பது எந்த வலி என்று பிரித்துக்கொள்ள வேண்டும். வழிகளில் எது நல்லது என்பது பாதிக்கு மேல் இதைப் பொறுத்தது.

முதல் வகை சாதாரண வலி. இடுப்பு வலியோடு டாக்டரிடம் போகிறவர்களில் சுமார் 90 சதவீதம் பேருக்கு, இந்த ஜவ்வுதான் (முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் டிஸ்க்) காரணம், இந்த மூட்டுதான் காரணம் என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. தசை, தசைநார், சிறு மூட்டுகள், ஜவ்வு எல்லாவற்றுக்கும் அதில் பங்கு இருக்கலாம். மணிக்கணக்கில் ஒரே இடத்தில் உட்கார்வது, பழக்கமில்லாத பாரத்தைத் திடீரென்று தூக்குவது, தூக்கம் கெடுவது, மனக்கவலை, புகைப்பழக்கம் எல்லாம் இதைக் கூட்டும். வலி இடுப்பிலோ கழுத்திலோதான் இருக்கும். மிஞ்சிப்போனால் பிட்டத்துக்கோ தோள்பட்டைக்கோ பரவும்.

இரண்டாவது, நரம்பு வலி. ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்தினால், இடுப்பைவிடக் காலில்தான் வலி அதிகம். தொடை, கெண்டைக்கால் வழியாகப் பாதம் வரை சுரீரென்று இறங்கும். இருமினால், தும்மினால் தூக்கிப்போடும். சயாட்டிகா என்பது இதுதான். கழுத்தில் நடந்தால் அதே வலி கை வழியாக விரலுக்கு ஓடும், விரல்கள் மரத்துப்போகும். வயதானவர்களுக்கு நரம்புப் பாதையே சுருங்கிவிடுவதும் உண்டு. கொஞ்ச தூரம் நடந்ததும் கால் கனத்துவிடும், உட்கார்ந்தால் விட்டுவிடும். இவர்களில் பலர் முன்னால் சாய்ந்து சைக்கிள் மிதித்துவிடுவார்கள், அதே தூரத்தை நடந்து கடக்க முடியாது.

மூன்றாவது வகை அபூர்வம்தான். ஆனால் அங்கே ஒப்பீட்டுக்கு இடமில்லை. சிறுநீர் அடைத்துக்கொள்வது, மலம் அறியாமல் வெளியேறுவது, உட்காரும் இடம் மரத்துப்போவது, காலில் பலம் இறங்கிக்கொண்டே போவது – இதில் எது இருந்தாலும் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, படுத்தாலும் விடாத ராத்திரி வலி, முன்பு புற்றுநோய் வந்தவர் என்றால் தள்ளிப்போடக் கூடாது. முதுகெலும்பில் காசநோய் நம் நாட்டில் இன்னமும் பார்க்கக்கூடிய நோய்தான். கழுத்துக்கு அடையாளம் வேறு. சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறுகிறது, நடையில் தள்ளாட்டம் தெரிகிறது என்றால் தண்டுவடமே அழுத்தப்படலாம். வலி பெரிதாக இல்லாமலேயே இது வரும் என்பதால் வயசு ஆகிவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள். இன்னொன்று, 40 வயதுக்குள் இருப்பவருக்குக் காலையில் எழுந்ததும் இடுப்பு இறுகிப்போய், நடமாடினால் தளர்கிறது, ஓய்வெடுத்தால் கூடுகிறது என்றால், அது மூட்டுவாத வகையாக இருக்கலாம். அதற்குப் போக வேண்டியது மூட்டுவாத மருத்துவரிடம்.

சரி, இனி முதல் இரண்டு வகைகளுக்கான போட்டிகள்.

படுக்கையா, நடமாட்டமா?

இதில் போட்டி என்றே சொல்ல முடியாது. பின்லாந்தின் ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்களைக் கொண்டு நடத்தி 1995-ல் வெளியான ஆய்வில், திடீர் இடுப்பு வலி வந்தவர்களை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு இரண்டு நாள் படுக்கை, ஒரு குழுவுக்கு முதுகுப் பயிற்சி, மூன்றாவது குழுவுக்கு முடிந்தவரை வழக்கமான வேலை. சீக்கிரம் தேறியது மூன்றாவது குழு. வெறும் இரண்டு நாள் படுக்கையே பின்தங்கியது என்றால், பத்து நாள் எங்கே போய் நிற்கும்? நிமிரவே முடியாத முதல் நாளில் படுப்பதில் தப்பில்லை. மறுநாள் வீட்டுக்குள்ளாவது நடக்க வேண்டும். அந்த ஆய்வில் சிறப்புப் பயிற்சி செய்தவர்களும் வழக்கமான வேலை செய்தவர்களை முந்தவில்லை என்பதைக் கவனியுங்கள். வலி வந்த முதல் வாரம் பயிற்சிக்கு உரிய நேரமல்ல. அதற்குப் பிறகு வரும்.

ஸ்கேன் உடனேயா, பொறுத்தா?

இங்கேதான் பணமும் மன நிம்மதியும் அதிகம் கரைகிறது. எம்ஆர்ஐ நல்ல கருவி. சிக்கல் என்னவென்றால், வலி இல்லாதவரை ஸ்கேன் செய்தாலும் அது ஏதாவது காட்டும். முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களை அலசிய ஒரு தொகுப்பாய்வு 2015-ல் வந்தது. 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கு ஜவ்வு தேய்மானம். 80 வயதில் 96 சதவீதம். ஜவ்வு உப்பல் 20 வயதிலேயே 30 சதவீதம். திரும்பவும் சொல்கிறேன், இவர்கள் யாருக்கும் வலி இல்லை.

அப்படியென்றால், வலியோடு போகும் 45 வயதுக்காரரின் ரிப்போர்ட்டில் எல்4-எல்5 இடத்தில் (இடுப்பின் நாலாவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே) ஜவ்வு பிதுக்கம் என்று இருந்தால், வலிக்கு அதுதான் காரணமா? இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தலை நரைப்பது போல வயதோடு வரும் மாற்றமாகவும் இருக்கலாம். ஆனால் ரிப்போர்ட்டைப் படித்தவர் அன்றிலிருந்து குனியப் பயப்படுவார், பேரப்பிள்ளையைத் தூக்க மாட்டார், பஸ்ஸில் பின் சீட்டில் உட்கார மாட்டார். உடம்பு அசைவு குறைந்து தசை இளைத்து, வலிக்கு இன்னும் வசதியாகிவிடும். தேய்ந்துவிட்டது என்ற ஒரு சொல் செய்யும் கெடுதலுக்குக் கணக்கே இல்லை.

ஆகவே என் ஓட்டு பொறுத்துப் பார்ப்பதற்குத்தான். மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகள் இருந்தால் ஸ்கேன் உடனே. கால் வலியோ கை வலியோ ஆறு வாரம் ஆகியும் குறையாமல், ஊசியா ஆபரேஷனா என்று யோசிக்கும் கட்டம் வந்தால் அப்போது ஸ்கேன். எடுத்தால் சிகிச்சை மாறுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். மாறாது என்றால் எதற்கு எடுப்பது?

மாத்திரைகளுக்குள் நடக்கும் போட்டி

பாராசிட்டமால் பாதுகாப்பானது என்று நினைத்து முதலில் அதைப் போடுகிறோம். ஆஸ்திரேலியாவில் 1,652 பேரிடம் நடத்தி 2014-ல் வெளிவந்த ஆய்வில், திடீர் இடுப்பு வலிக்கு அது மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட ஒரு நாள்கூடச் சீக்கிரம் குணம் தரவில்லை. டைக்ளோஃபெனாக், ஏசிக்ளோஃபெனாக், நாப்ராக்சன் போன்ற, வலியையும் வீக்கத்தையும் குறைக்கும் மாத்திரைகள் ஓரளவு கேட்கும். சில நாளைக்கு மட்டும், சாப்பிட்ட பிறகு. சிறுநீரகக் கோளாறு, குடல் புண், இதய நோய் இருப்பவர்கள் மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வாங்கவே கூடாது. நரம்பு மாத்திரை என்று தரப்படும் பிரெகாபலின், சயாட்டிகாவுக்கு வெற்று மாத்திரையை வெல்லவில்லை என்று 2017-ல் ஆய்வு வந்தது, தலைச்சுற்றல்தான் கூடுதல். ஓபியாய்டு எனப்படும் அபின் வகை வலி மாத்திரையும் திடீர் கழுத்து, இடுப்பு வலிக்குப் பயன் தரவில்லை என்று 2023-ல் தெரிந்தது. மொத்தத்தில் மாத்திரையின் வேலை நடமாட விடுவது. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள்.

படுத்துக்கொண்டு வாங்கும் சிகிச்சையா, நாமே செய்யும் பயிற்சியா?

பல பிசியோதெரபி கிளினிக்குகளில் பத்து நாள் பேக்கேஜ் என்பது பெரும்பாலும் மெஷின்தான். கரண்ட் வைப்பார்கள், அல்ட்ராசவுண்ட் தேய்ப்பார்கள், இடுப்பை இழுக்கும் டிராக்ஷன் போடுவார்கள். சுகமாகத்தான் இருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கு வெளியிட்ட வழிகாட்டுதல் டிராக்ஷன், அல்ட்ராசவுண்ட், தோல் மேல் வைக்கும் கரண்ட், இடுப்பு பெல்ட் ஆகியவற்றை வழக்கமான சிகிச்சையாகத் தர வேண்டாம் என்கிறது. உடற்பயிற்சி, வலியைப் பற்றிய விளக்கம், மனநல ஆலோசனை, மசாஜ் ஆகியவை அதன் பரிந்துரையில் இருக்கின்றன. ஆகவே பிசியோதெரபிஸ்ட்டைத் தேர்ந்தெடுக்க என் அளவுகோல் எளிது. மெஷினில் படுக்க வைத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போகிறவரைவிட, எதிரே நின்று நம்மைச் செய்ய வைத்து, வாரத்துக்கு வாரம் பயிற்சியைக் கூட்டுகிறவர் மேல்.

சரி, எந்தப் பயிற்சி? இடுப்புக்கு யோகாவா பிசியோதெரபியா என்ற சண்டைக்கு ஒரு நல்ல பதில் உண்டு. அமெரிக்காவின் பாஸ்டனில் வருமானம் குறைந்த 320 பேரிடம் 12 வாரம் இரண்டையும் ஒப்பிட்டார்கள். 2017-ல் வந்த முடிவின்படி யோகா பிசியோதெரபிக்குப் பின்தங்கவில்லை. அது இடுப்பு வலிக்காரர்களுக்கென்றே வடிவமைத்த மென்மையான வகுப்பு என்பது முக்கியம். கால் வலி இறங்கும் சமயத்தில் பச்சிமோத்தானாசனத்தில் மூக்கு முட்டியைத் தொட வேண்டும் என்று அமுக்குகிற வகுப்பு அல்ல.

இரண்டுக்கும் நேரமோ பணமோ இல்லாதவருக்கு நடை இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் இடுப்பு வலியிலிருந்து அப்போதுதான் மீண்ட 701 பேரில் ஒரு பாதியை, படிப்படியாக நடைக்குப் பழக்கினார்கள். வாரத்தில் ஐந்து நாள், அரை மணி நேரம் என்பது இலக்கு. நடந்தவர்களில் பாதிப்பேருக்கு மறுபடி வலி வர 208 நாள் ஆனது, மற்றவர்களில் பாதிப்பேருக்கு 112 நாள். 2024-ல் வெளியான இந்த முடிவு, எந்த பெல்ட்டும் தராத லாபம்.

கழுத்துக்கு நடை மட்டும் போதாது. பின்லாந்தில் நாள்பட்ட கழுத்து வலி இருந்த 180 பெண் அலுவலக ஊழியர்களை ஓராண்டு கவனித்து 2003-ல் சொன்னார்கள்: கழுத்துத் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி செய்தவர்கள், வெறுமனே கழுத்தை நீட்டி வளைத்தவர்களைவிட நன்றாக முன்னேறினார்கள். நாம் செய்வதோ பெரும்பாலும் கழுத்தை நாலு பக்கமும் சுற்றுவது. தாடையை உள்ளே இழுத்துப் பிடிப்பது, நெற்றியில் கை வைத்து அழுத்தத்துக்கு எதிராகத் தலையை நிறுத்துவது, தோள்பட்டைக்கு எடை தூக்குவது ஆகியவை வலுவூட்டும் ரகம்.

பெல்ட்டும் காலரும் ஒன்றல்ல

இடுப்பு பெல்ட்டைப் பற்றிச் சொல்லியாயிற்று. கழுத்துக் காலரையும் அதே கூடையில் போட்டுவிட முடியாது. கழுத்து வலிக்கு மாதக்கணக்கில் காலர் போட்டால் தசை இளைக்கும், உண்மைதான். ஆனால் கையில் வலி புதிதாக இறங்கியவர்களுக்கு அரைக் கடினக் காலர் சில வாரம் போட்டு ஓய்வு கொடுத்தபோது, சும்மா விட்டவர்களைவிட வலி வேகமாகக் குறைந்ததை நெதர்லாந்தில் 2009-ல் காட்டினார்கள். பிசியோதெரபியும் அதே அளவு உதவியது. காலர் கெட்டதல்ல, யாருக்கு எத்தனை நாள் என்பதுதான் கேள்வி.

தைலமும் சொடுக்கும்

ஒத்தடமும் தைலம் தேய்ப்பதும் சில மணி நேர நிவாரணம் தரும். அந்த நேரத்தில் எழுந்து நடந்தால் லாபம், தூங்கிப்போனால் ஒன்றுமில்லை. அதோடு ஒப்பிட முடியாதது சலூனில் தலையைப் பிடித்துச் சொடுக்கும் வேலை. கழுத்து எலும்புக்குள் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஓடுகிறது. திடீர்த் திருகலில் அதன் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு. அரிதுதான், ஆனால் ஒரு சடக் சத்தத்துக்காக அந்த ஆபத்தை எடுக்க என்ன அவசியம்? பெயர் போடாத மூலிகைக் காப்ஸ்யூல் இரண்டே நாளில் வலியைத் துடைத்தெடுத்தால் சந்தேகப்படுங்கள். ஸ்டீராய்டு கலந்த சரக்கு பிடிபட்டிருக்கிறது.

மெத்தை பற்றி ஒரு வரி. பலகை மாதிரி கெட்டியான மெத்தைதான் நல்லது என்ற நம்பிக்கை ஸ்பெயினில் 313 பேரிடம் நடத்திய 2003 ஆய்வில் தோற்றது. நடுத்தரக் கெட்டி ஜெயித்தது.

ஆபரேஷனா, காத்திருப்பா?

கால் வலியே இல்லாமல் இடுப்பு மட்டும் வலிக்கிறது என்று எலும்புகளை இணைத்து ஸ்க்ரூ போடும் ஆபரேஷனுக்கு அவசரப்பட வேண்டாம். பிரிட்டனில் 349 பேரிடம் நடத்திய ஆய்வு 2005-ல் வந்தது. தீவிர மறுவாழ்வுப் பயிற்சியோடு வைத்துப் பார்த்தபோது, ஆபரேஷன் தந்த கூடுதல் பலன் சொற்பம்.

சயாட்டிகாவில் கதை வேறு. ஆறிலிருந்து பன்னிரண்டு வாரமாகக் கடும் கால் வலியில் இருந்த 283 பேரை நெதர்லாந்தில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குச் சீக்கிரமே ஆபரேஷன், மறு குழு காத்திருந்து தேவைப்பட்டால் மட்டும். 2007-ல் வெளியான முடிவின்படி, ஆபரேஷன் குழுவில் பாதிப்பேர் நான்கு வாரத்தில் தேறிவிட்டார்கள், காத்திருந்த குழுவில் பாதிப்பேர் தேற பன்னிரண்டு வாரம் பிடித்தது. ஆனால் ஓராண்டு முடிவில் இரண்டு குழுவிலும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் கடைசியில் ஆபரேஷன் செய்துகொண்டார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மற்றவர்களுக்குக் கத்தி படவில்லை; பிதுங்கிய ஜவ்வு தானாகவே சுருங்குவது அடிக்கடி நடப்பதுதான். இடையில் போடும் ஸ்டீராய்டு ஊசி கால் வலியைச் சில வாரம் தணிக்கலாம், காத்திருப்பைத் தாங்க உதவும், அவ்வளவே.

ஆக, பாதம் தூக்க முடியாத பலவீனமோ சிறுநீர்ப் பிரச்சினையோ இல்லாத சயாட்டிகாவில், ஆபரேஷன் வாங்கித் தருவது வேகத்தை. அந்த வேகத்துக்கு என்ன விலை கொடுக்கலாம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஓய்வு பெற்ற ஆசிரியர் வலியைத் தாங்க முடிந்தால் இரண்டு மாதம் பொறுத்துப் பார்க்கலாம். தினக்கூலியில் மூட்டை தூக்குபவருக்கு இரண்டு மாதம் வேலை இல்லை என்றால் அடுப்பு எரியாது. அவர் ஆபரேஷனைத் தேர்ந்தெடுத்தால் அதில் நியாயம் இருக்கிறது. எத்தனை நாளில் பழைய பாரத்தைத் தூக்கலாம், திரும்பவும் பிதுங்க எவ்வளவு வாய்ப்பு, காப்பீட்டில் எவ்வளவு கிடைக்கும் என்று அவர் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.