1/35 குதிரை கிட்: உடல் சரி, ஓட்டம் பிழை

கொழும்பிலிருந்து கூரியரில் வரவழைத்த, நடப்பது ஒன்றும் ஓடுவது ஒன்றுமாக இரண்டு குதிரைகள் கொண்ட 1/35 (உண்மை அளவில் 35இல் ஒரு பங்கு) பிளாஸ்டிக் கிட் இது; துண்டுகளை நாமே ஒட்டி நிறம் தீட்ட வேண்டும். தயாரிப்பாளரின் பெயரைத் தவிர்க்கிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாங்கலாம். ஆனால் ஓடும் குதிரையைப் பெட்டிப் படத்தில் உள்ளபடி ஒட்டி வைக்காதீர்கள்.

உடல் அளவுகளில் குறை சொல்ல இடமில்லை. தோள்மேட்டில் (கழுத்து முதுகோடு சேரும் மேட்டில்) 152 சென்ரிமீற்றர் உயரமுள்ள ஒரு குதிரை இந்த அளவில் 4.3 சென்ரிமீற்றர் வரவேண்டும், அளந்தேன், வருகிறது. தாடை எலும்பும் விலாவின் வளைவும் அழகாக வார்க்கப்பட்டிருக்கின்றன. நடக்கும் குதிரைக்கு, உடலின் இரு பாதிகளும் சேரும் பொருத்துக்கோட்டைச் சுரண்டி எடுத்தாலே பாதி உயிர் வந்துவிடும். இரண்டு பாதிகளிலும் திரவப் பசையைத் தாராளமாகப் பூசி, இளகிய பிளாஸ்டிக் கோட்டின் வழியே பிதுங்கும்வரை அழுத்துங்கள். நன்றாக இறுகிய பிறகு கத்தி முனையால் சுரண்டி, முதலில் 400, பிறகு அதைவிட நைசான 800 இலக்க சாண்ட் பேப்பரால் தேயுங்கள். வயிற்றின் அடியையும் தொடையின் உட்புறத்தையும் விட்டுவிடாதீர்கள்.

ஓடும் குதிரைதான் என்னைக் கோபப்படுத்தியது. முன்னங்கால்கள் முன்னே, பின்னங்கால்கள் பின்னே என்று நான்கையும் நீட்டிப் பறக்கிறது. பழைய ஐரோப்பிய ஓவியங்களில் அப்படித்தான் வரைந்தார்கள். 1878 இல் கலிபோர்னியாவில் எட்வர்ட் மைப்ரிட்ஜ் என்ற புகைப்படக் கலைஞர் கமராக்களை வரிசையாக வைத்து ஓடும் குதிரையைப் படமெடுத்தபோது உண்மை தெரிந்துவிட்டது: நான்கு குளம்புகளும் தரையை விட்டு எழும் கணத்தில் கால்கள் வயிற்றுக்கு அடியில் மடங்கிக் கூடுகின்றன. ஏப்ரல் மாதத்தில் நுவரெலியா பந்தயத் திடலின் வேலியோரம் நின்றவர்கள் இந்த வார்ப்பைப் பார்த்த உடனேயே ஏதோ சரியில்லை என்பார்கள்.

ஆகவே வெட்ட வேண்டும், மூட்டில் மட்டும். முன்னங்காலில் நாம் முழங்கால் என்று சொல்லும் இடம் உண்மையில் குதிரையின் மணிக்கட்டு. அங்கிருந்து கீழ்க்கால் பின்னோக்கித்தான் மடங்கும். பின்னங்காலில் புடைத்துத் தெரிவது கணுக்கால். மெல்லிய வாளால் அறுத்து, பித்தளைக் கம்பியைச் செருகி, புதிய கோணத்தில் நிறுத்திய பிறகு இடைவெளியை இரண்டு பகுதிகளைப் பிசைந்து கலக்கும் எபொக்ஸி புட்டியால் நிரப்பினேன். ஹட்டன் ஹார்ட்வெயார் கடையில் குழாய் ஒழுக்கை அடைக்க விற்கும் புட்டியே போதும். நம் மலைக் குளிரில் அது இறுகத் தாமதமாகும். ஓர் இரவு முழுதும் தொடாதீர்கள். மழை நாளில் வார்னிஷ் தெளித்தால் வெண்மை படரும். வெயில் நாளுக்குக் காத்திருப்பது நல்லது.

பிடரிமயிர் இந்தக் கிட்டின் மிக மோசமான பகுதி. சவர்க்காரக் கட்டியில் நகத்தால் கீறியதுபோல இருக்கிறது. உண்மை மயிரை ஒட்டலாமே என்று சிலர் கேட்கிறார்கள். மனிதத் தலைமயிர் ஏறத்தாழ 0.07 மில்லிமீற்றர் தடிப்பு. 35 ஆல் பெருக்கினால் இரண்டரை மில்லிமீற்றர் ஆகிறது. அந்தக் கணக்கில் அது மயிரல்ல, கயிறு. வார்ப்பைச் செதுக்கி எடுத்துவிட்டு, மெல்லிய புட்டிப் பட்டையை வைத்து ஊசியால் கோடிழுப்பதுதான் சரி. கோடுகள் எல்லாம் ஒரே பக்கம் சாயக் கூடாது. சில இழைகள் கழுத்தின் மறுபுறமும் விழட்டும்.

நிறத்துக்கு நுவரெலியா கிரகரி வாவிக்கரையில் சவாரிக்கு நிற்கும் குதிரைகளைப் போய்ப் பாருங்கள். பழுப்புக் குதிரைக்குப் பிடரி, வால், கீழ்க்கால்கள் கறுப்பு. சேணம் பலகாலம் உராய்ந்த முதுகில் வெள்ளை மயிர் திட்டாக முளைத்திருக்கும். அந்தத் திட்டை மிக மெல்லிய தூரிகையால் இரண்டு மூன்று புள்ளியாக வைத்தேன். என் பொம்மையில் எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான். கண்ணில் வெள்ளை பூசாதீர்கள். அமைதியாக நிற்கும் குதிரையின் கண்ணில் பொதுவாக வெள்ளை தெரியாது. கரும்பழுப்பின்மேல் ஒரு துளி பளபளப்பு வார்னிஷ் போதும்.

வெட்டவும் தேய்க்கவும் பொறுமை இல்லாத சிறு பிள்ளைகளுக்கு இதைப் பரிசாக வாங்கிக் கொடுக்க வேண்டாம். அவர்களுக்கு பிரேயர் போன்ற, நிறம் தீட்டி முடித்த பொம்மைக் குதிரை பொருத்தம். மற்றவர்கள் வாங்கும்போது வாளும் புட்டியும் சேர்த்தே செலவைக் கணக்கிடுங்கள். நான் அடுத்த பெட்டிக்கும் சொல்லிவிட்டேன்.