நகவெட்டியா, மெஷினா, உப்புத்தாள் பலகையா: பயந்த நாய்க்கு எது சரி?

எங்கள் மணி நாட்டு நாய். நான்கு காலிலும் சேர்த்து 18 நகம், அத்தனையும் கறுப்பு. இரண்டு வருடம் முன்பு நான் அவசரப்பட்டு வெட்டியதில் முன்காலில் ஒரு நகம் ரத்தம் கொட்டிவிட்டது. அன்றிலிருந்து நகவெட்டி இருக்கும் இழுப்பறையைத் திறந்தாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொள்வான். அவன் பயத்துக்கு நான்தான் காரணம் என்பது இன்றும் உறுத்துகிறது. அதனால் கிடைத்த வழிகளை ஒவ்வொன்றாகப் பொறுமையாக முயன்று பார்த்தேன். எதில் அவன் பயம் குறைகிறது என்று மட்டும்தான் கவனித்தேன்.

நகத்துக்குள் ரத்தக்குழாயும் நரம்பும் ஓடும் உயிர்ச்சதை இருக்கிறது. டாக்டர்கள் ‘குயிக்’ என்பார்கள். நகத்தை நீள விட்டால் அதுவும் கூடவே நீளும். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வந்தால் மெல்ல உள்வாங்கும். ஆகவே மாதம் ஒருமுறை பிடித்து அமுக்கி 18 நகத்தையும் வெட்டுவதைவிட, நாளுக்கு ஒரு நகம் என்று போவது பயந்த நாய்க்கு எவ்வளவோ மேல். எந்தக் கருவியானாலும் இது பொருந்தும்.

முதலில் நகவெட்டி. இதில் இரண்டு வகை. வளையத்துக்குள் நகத்தை நுழைத்து அழுத்தும் வகை சின்ன நாய்களுக்குச் சரி. பிளேடு மழுங்கினால் நகத்தை வெட்டாமல் நசுக்கும், அந்த வலியை நாய் மறக்காது. காலை உதறும் நாய்க்கு வளையத்துக்குள் நகத்தை நுழைப்பதே பெரும்பாடு. கொறடு மாதிரி இருக்கும் இரண்டாவது வகைதான் எனக்குப் பிடித்தது. தடித்த நகத்துக்கும் தாங்கும், எங்கே வெட்டுகிறோம் என்று பக்கவாட்டில் பார்க்கவும் முடியும். கறுப்பு நகத்தில் உயிர்ச்சதை வெளியே தெரியாது. அதனால் நுனியை மெல்லிய சீவல்களாகச் சீவிக்கொண்டே வெட்டிய முகத்தைப் பார்க்க வேண்டும். நடுவில் கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். ரத்தம் வந்துவிட்டால், ரத்தத்தை நிறுத்தும் ஸ்டிப்டிக் பவுடர் வைத்து சில நிமிடம் அழுத்திப் பிடிக்கலாம். அது கையில் இல்லாதபோது கார்ன்ஃபிளார் மாவு உதவும். நகவெட்டியின் பெரிய பலம், ‘டக்’ என்று ஒரு நொடியில் முடிந்துவிடும். பலவீனமும் அதே நொடியில்தான் இருக்கிறது. கை ஒருமுறை தவறினால் பல மாதப் பழக்கம் வீணாகிவிடும்.

அடுத்தது நகம் தேய்க்கும் மெஷின். பலரும் புகழ்கிறார்கள். அதில் நியாயமும் உண்டு. ஒரேயடியாக ஆழமாக வெட்டிவிடும் ஆபத்து குறைவு, ஓரங்களும் வழுவழுப்பாக வரும். ஆனால் மணிக்கு அந்த ‘ஙொய்’ சத்தம், அதிர்வு, நகம் தேயும் வாசனை மூன்றுமே ஆகவில்லை. ஒரே இடத்தில் வைத்திருந்தால் சூடேறும் என்பதால் இரண்டு மூன்று நொடிக்கு மேல் வைக்கக் கூடாது. முடி நீளமான நாய்க்கு அது சுழலில் சிக்கும். மெஷினை அணைத்தபடி முகரவிட்டு, பக்கத்து அறையில் ஓடவிட்டு, அப்புறம் காலருகே கொண்டுவந்து என்று ஒரு மாதம் பழக்கினேன். அவன் ஓடவில்லை, உண்மைதான். ஆனால் உதட்டை நக்கினான், கொட்டாவி விட்டான், கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்த்தான், உடம்பு விறைத்துப்போனது. அசையாமல் நிற்கும் நாயைப் பார்த்துப் பழகிவிட்டது என்று நினைக்கிறோம். பல நேரம் அது பயத்தில் உறைந்து நிற்கிறது. சத்தத்துக்கு அஞ்சாத நாய் என்றால் தாராளமாக வாங்குங்கள். தீபாவளி வெடிக்கு நடுங்கும் நாய்க்கு இதை வாங்காதீர்கள்.

எங்கள் வீட்டில் ஜெயித்தது உப்புத்தாள் பலகை. இரண்டடி நீளப் பலகையில் ஹார்டுவேர் கடையில் வாங்கிய 80ஆம் நம்பர் உப்புத்தாளை ஒட்டினேன், அவ்வளவுதான். பலகையைச் சாய்த்துப் பிடித்து, கீழே வேகவைத்த கோழித் துண்டை மறைத்து வைத்தால் நாய் பிறாண்டும். பிறாண்டியதும் பாராட்டி ஒரு துண்டு கொடுப்பேன். மூன்றாம் நாளே விஷயம் புரிந்துவிட்டது. இப்போது பலகையை எடுத்தாலே வாலை ஆட்டிக்கொண்டு வருகிறான். இதில் யாரும் அவன் காலைப் பிடிப்பதில்லை. வேண்டாமென்றால் நகர்ந்து போகலாம் என்று அவனுக்குத் தெரியும். அந்தச் சுதந்திரம்தான் பயத்தைப் போக்கியது என்று உறுதியாக நம்புகிறேன். உற்சாகத்தில் விரலுக்கு அடியில் இருக்கும் மெத்தென்ற சதையும் தேய்ந்துவிடலாம், அதனால் ஒரு நேரத்துக்கு ஏழெட்டு பிறாண்டலோடு நிறுத்திக் கால்களைப் பார்க்கிறேன். குறையும் இருக்கிறது. முன்கால் நகங்கள்தான் நன்றாகத் தேயும், அதிலும் நடு விரல்கள் கூடுதலாக, ஓர விரல்கள் குறைவாக. பின்காலால் பிறாண்ட வைப்பது கடினம். முன்காலின் உட்பக்கம் சற்று மேலே இருக்கும் ஒட்டு நகத்தைப் பலகை தொடவே தொடாது. அதை விட்டுவிட்டால் சுருண்டு சதைக்குள்ளேயே குத்தும்.

தார் ரோட்டில் நிறைய நடத்தினால் தானாகத் தேயாதா என்று கேட்பார்கள். ஓரளவு தேயும், ஆனால் ஒட்டு நகத்துக்கு அதுவும் பயன்படாது. சித்திரை வெயிலில் பாதமும் பொத்துவிடும்.

கடைசியாக டாக்டர். கடிக்க வருகிற, பயத்தில் சிறுநீர் போய்விடுகிற நாயை நான்கு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடிக்காதீர்கள், தயவுசெய்து. கபாபென்டின், ட்ராசோடோன் போன்ற பதற்றம் தணிக்கும் மாத்திரைகளை நாயின் எடையும் உடல்நிலையும் பார்த்துக் கால்நடை மருத்துவர் எழுதிக்கொடுப்பார். கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே கொடுத்துவிடலாம். தேவைப்பட்டால் மயக்க ஊசி போட்டு ஒரே தடவையில் முடித்தும் தருவார்கள். செலவு அதிகம்தான். வயதான நாய் என்றால் முன்பரிசோதனையும் தேவைப்படும். மனிதர்களுக்கான தூக்க மாத்திரையை நீங்களாக உடைத்துக் கொடுக்க வேண்டாம்.

இப்போது மணிக்கு வாரம் இரண்டு நாள் பலகை. பின்கால் நகமும் ஒட்டு நகமும் மட்டும் கொறடு வகை நகவெட்டியால், குளித்து நகம் கொஞ்சம் இளகியிருக்கும் நேரத்தில், ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் போகாமல். அவன் காலை இழுத்தால் அன்றைக்கு அதோடு விட்டுவிடுகிறேன்.