தொடர் நாவல் வாங்க சர்ச் ஸ்ட்ரீட் எப்படி?

பெங்களூரில் ஃபேன்டஸியும் அறிவியல் புனைகதையும் தேடுகிறவர்கள் கடைசியில் வந்து சேரும் இடம் சர்ச் ஸ்ட்ரீட்தான். எம்.ஜி. ரோடு மெட்ரோவிலிருந்து நடந்தே போய்விடலாம். வண்டியில் போனால் நிறுத்த இடம் தேடியே மாலை கரைந்துவிடும். ப்ளாசம் புத்தகக் கடைக்கு அதே தெருவில் இரண்டு கிளை, அப்புறம் புக்வார்ம் கடை. புதிய பிரதி, பழைய பிரதி இரண்டும் கிடைக்கும். பிரிகேட் ரோட்டை ஒட்டிய செலக்ட் 1945 முதல் இருக்கும் கடை என்றாலும் அது அரிய பழைய நூல்களைத் தேடுகிறவர்களுக்கானது. டிராகன் பிரியர்களுக்கு அங்கே அவ்வளவு வேலையில்லை.

ஒற்றை நாவல் வாங்க இந்தத் தெருவுக்குப் பத்துக்கு ஒன்பது மதிப்பெண் தருவேன். தொடர் வாங்க ஆறுதான். தப்பு கடைக்காரர்களுடையது அல்ல. பழைய புத்தக அலமாரி நிறைவதே வாசகர்கள் விற்றுவிட்டுப் போவதால்தான். முதல் பாகத்தோடு சலித்தவர் அதை விற்கிறார். நான்காம் பாகம் வரை போனவர் மொத்தத்தையும் வீட்டிலேயே வைத்துக்கொள்கிறார். அதனால் முதல் பாகம் வரிசை கட்டி நிற்கும், மூன்றாம் பாகம் கண்ணில் படாது. வேலை மாறி ஊரைவிட்டுப் போகிறவர்கள் முழு செட்டையும் கொடுத்துவிட்டுப் போவது உண்டு. ஐ.டி. ஊர் என்பதால் அந்த ஆறு. இல்லாவிட்டால் நாலுதான் போட்டிருப்பேன்.

ஆகவே தேடுவதைத் தலைகீழாகச் செய்யுங்கள். முதல் பாகத்தை எப்போது வேண்டுமானாலும், புதிதாகக்கூட, வாங்கிக்கொள்ளலாம். கிடைக்காத நடுப்பாகத்தையும் கடைசிப் பாகத்தையும் முதலில் பாருங்கள். அவை இருந்தால் அதே பதிப்பில் மற்றவற்றைச் சேர்க்கலாம். புதுப்பிரதி விலையில் பாதிக்கு மேல் கேட்டால், அச்சில் இல்லாத பாகமாக இருந்தாலொழிய, விட்டுவிடலாம்.

அதே பதிப்பு என்பதை வெறும் அழகுக்காகச் சொல்லவில்லை. அமெரிக்கப் பதிப்பும் பிரிட்டிஷ் பதிப்பும் இங்கே ஒரே அலமாரியில் கலந்து நிற்கும். பிரிட்டிஷ் சிறிய பேப்பர்பேக் ஏறக்குறைய 110க்கு 178 மில்லிமீட்டர். பெரியது 129க்கு 198. உயர வித்தியாசத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய ஆபத்து, ஒரே நாவலை ஒரு பதிப்பாளர் ஒரே புத்தகமாகவும் இன்னொருவர் இரண்டாக வெட்டியும் போடுவது. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' இதற்குச் சரியான உதாரணம். வந்திருப்பது ஐந்து நாவல்கள். நம் ஊரில் புழங்கும் பிரிட்டிஷ் பேப்பர்பேக் பெட்டியில் இருப்பதோ ஏழு புத்தகங்கள். மூன்றாம் நாவலை 'ஸ்டீல் அண்ட் ஸ்னோ', 'பிளட் அண்ட் கோல்ட்' என்றும், ஐந்தாம் நாவலை 'ட்ரீம்ஸ் அண்ட் டஸ்ட்', 'ஆஃப்டர் த ஃபீஸ்ட்' என்றும் பிரித்திருக்கிறார்கள். திட்டமிட்டதும் ஏழு நாவல்கள் என்பதால், ஏழு புத்தகங்களைப் பார்த்தவர் தொடர் முடிந்துவிட்டது என்றே நினைப்பார். முடியவில்லை, ஐந்தாவது 2011-ல் வந்தது, ஆறாவதுக்கு இன்னும் காத்திருக்கிறோம். பழைய புத்தகமாக ஒரு பாதியை மட்டும் வாங்கிவிட்டு, கதை அந்தரத்தில் நிற்கிறதே என்று திகைப்பவர்கள் நிறைய. பிராண்டன் சாண்டர்சனின் 'ஸ்டார்ம்லைட்' தொடரிலும் முதல் நான்கு நாவல்களுக்கு பிரிட்டிஷ் பேப்பர்பேக் இரண்டிரண்டு பாதிகள்தான். அட்டையில் 'பார்ட் ஒன்' என்று பொடி எழுத்தில் இருக்கும். முதுகைப் பார்த்து வாங்காமல், முன்னட்டையையும் உள்ளே பதிப்புரிமைப் பக்கத்தையும் பாருங்கள்.

எந்தத் தொடரை எடுப்பது? நண்பருக்குச் சிபாரிசு செய்யும்போது எல்லோரும் எங்கே தொடங்குவது என்று மட்டும் சொல்வார்கள். எங்கே நிறுத்தலாம் என்பதையும் சொல்ல வேண்டும். 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகத்தை ஒரு கோடை விடுமுறையில் முடித்த தமிழ் வாசகருக்கு நீளம் ஒரு பொருட்டே இல்லை. பதினான்கு பாகங்களையும் படித்தால்தான் பலன் என்று சொன்னால் மட்டும் அவரும் ஓடிவிடுவார்.

ஐசக் அசிமோவின் 'ஃபவுண்டேஷன்' தொடரில் நிறுத்த வேண்டிய இடம் சந்தேகமில்லாமல் மூன்றாம் பாகம். 1951, 52, 53 என்று அடுத்தடுத்து வந்த மூன்றும் சேர்ந்தால் வட்டம் முழுமையாகிவிடும். முதல் பாகம் நாவலே அல்ல, ஐந்து கதைகள். இடையில் பல பத்தாண்டுகள் தாவும், பழகிய பாத்திரங்கள் மறைந்துவிடுவார்கள். இதை முன்கூட்டிச் சொல்லாமல் கொடுத்தால் நாற்பதாம் பக்கத்தில் மூடிவிடுவார்கள். சூடு பிடிப்பது இரண்டாம் பாகத்தின் பின்பாதியில், ம்யூல் என்ற பாத்திரம் வந்த பிறகு. 1982-ல் தொடங்கிய பின்கதைகள் வேறு வேகத்தில், நிறையப் பேச்சோடு நகர்பவை. முன்கதைகள் இரண்டையும் காலவரிசைப்படி முதலில் படிக்கச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். மூன்றாம் பாகம் முழுக்கத் தேடப்படும் மர்மத்தை முன்கதையே அவிழ்த்துவிடும்.

'டியூன்' வாங்கும்போது கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். சொற்பட்டியலும் பின்னிணைப்புகளும் முழுதாக இருக்கின்றனவா? பழைய பிரதிகளில் முதலில் கழன்று விழுவது அந்தத் தாள்கள்தான், அவை இல்லாமல் முதல் நூறு பக்கம் தாண்டுவது சிரமம். இந்தத் தொடரில் ஃபிராங்க் ஹெர்பர்ட் எழுதியவை ஆறு. முதல் நாவலை மட்டும் படித்து நிறுத்துகிறவர் நாயகனைக் கொண்டாடிவிட்டுப் போவார். ஹெர்பர்ட் எச்சரிக்க வந்ததே அந்தக் கொண்டாட்டத்தைத்தான் என்பது இரண்டாவதான 'டியூன் மெசையா' படித்தால்தான் உறைக்கும். அது மெலிந்த புத்தகம், ஆகவே இரண்டையும் சேர்த்தே கொடுங்கள். நான்காவது மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் தாவுகிறது. பிடித்தவர்களுக்கு உயிர், மற்றவர்களுக்குத் தண்டனை.

டெர்ரி பிராட்செட்டின் 'டிஸ்க்வேர்ல்ட்' நண்பர்களுக்குள் சுற்றுக்கு விட இந்தப் பட்டியலிலேயே தோதானது. 1983 முதல் 2015 வரை 41 நாவல்கள். எண்ணிக்கையைக் கேட்டு மிரள வேண்டாம், ஒவ்வொன்றும் தனியாக நிற்கும். விதிவிலக்கு வேடிக்கையானது: முதல் நாவலான 'த கலர் ஆஃப் மேஜிக்' அந்தரத்தில் முடிந்து இரண்டாவதில் தொடரும், போதாததற்கு, அது பிராட்செட்டின் பலவீனமான புத்தகங்களில் ஒன்று. எனவே இந்தத் தொடரை மட்டும் முதலிலிருந்து தொடங்கக் கூடாது. காவல்படைக் கதை வேண்டுமென்றால் 'கார்ட்ஸ்! கார்ட்ஸ்!', சூனியக்காரிகள் வேண்டுமென்றால் 'வியர்ட் சிஸ்டர்ஸ்', எமன் வேலைக்கு ஆள் எடுக்கும் கதை வேண்டுமென்றால் 'மோர்ட்'. சாமியையும் சாமியின் பேரால் நடப்பதையும் கிண்டலடிக்கும் 'ஸ்மால் காட்ஸ்' யாரிடமும் தைரியமாகக் கொடுக்கக்கூடிய தனி நாவல். பெரும்பாலானவற்றில் அத்தியாயப் பிரிவே கிடையாது, அடிக்குறிப்பில்தான் பாதி நகைச்சுவை இருக்கிறது. அதனால் ஒளிப்பட நகல் மாதிரி அச்சான போலிப் பிரதியில் இவரைப் படிக்கவே கூடாது. பொடி எழுத்து அடிக்குறிப்பு அழிந்துபோயிருக்கும்.

அர்சுலா லெ குவினின் 'எர்த்ஸீ' என் முதல் சிபாரிசு. முதல் நாவல் 1968-ல் வந்தது, இருநூறு பக்கத்தை ஒட்டியது, இரண்டு மெட்ரோப் பயணத்தில் முடியும். சர்ச் ஸ்ட்ரீட்டில் அகப்படுவது பெரும்பாலும் 'எர்த்ஸீ குவார்ட்டெட்' என்ற தொகுப்பு. அதில் நான்கு நாவல்கள்தான்; 2001-ல் வந்த 'டேல்ஸ் ஃப்ரம் எர்த்ஸீ', 'தி அதர் விண்ட்' இரண்டும் தனி. நான்காவதான 'டெஹானு' முதல் மூன்றை மறுபரிசீலனை செய்யும் புத்தகம், மந்திரவாதி சாகசத்தை எதிர்பார்த்துப் போனால் கசக்கும். மூன்றோடு நிறுத்தி, சில வருடம் கழித்து நான்காவதுக்குப் போவது நல்லது. 2018-ல் சார்லஸ் வெஸ் ஓவியங்களோடு வந்த முழுத் தொகுப்பு கண்ணுக்கு விருந்து, ஆனால் மேசையில் வைத்துத்தான் படிக்க முடியும்.

ராபர்ட் ஜோர்டனின் 'வீல் ஆஃப் டைம்' பதினான்கு பாகம், தனியாக ஒரு முன்கதை. ஜோர்டன் 2007-ல் இறந்தபின் கடைசி மூன்றையும் அவருடைய குறிப்புகளைக் கொண்டு சாண்டர்சன் முடித்தார். எட்டிலிருந்து பத்துவரை வண்டி நகராது; பத்தாவதில் பெரும்பகுதி, ஒன்பதாவதின் முடிவில் நடந்ததை மற்றவர்கள் தூரத்திலிருந்து உணர்வதுதான். அதைத் தாண்டும் பொறுமை இருப்பவர் மட்டும் தொடங்கட்டும். பழைய புத்தகக் கடையில் இதன் முதல் மூன்று பாகங்களுக்குப் பஞ்சமே இல்லை, காரணம் சொல்ல வேண்டியதில்லை.

லியூ சிசினின் 'த்ரீ பாடி' மூன்று நாவல்கள். ஆங்கிலத்தில் ஒன்றும் மூன்றும் கென் லியூ மொழிபெயர்த்தவை, இரண்டாவது ஜோயல் மார்ட்டின்சன். நடை மாறுவது தெரியும், பயப்பட வேண்டாம். இரண்டாம் பாகத்தின் முதல் மூன்றிலொரு பங்கு இழுவை, அதற்குப் பின் கீழே வைக்க முடியாது. அங்கேயே நிறுத்தினாலும் குறையில்லை. என்.கே. ஜெமிசினின் 'ப்ரோக்கன் எர்த்' மூன்று பாகமும் 2016 முதல் 2018 வரை தொடர்ந்து ஹ்யூகோ விருது வாங்கியவை. இதில் நிறுத்த இடமே கிடையாது, மூன்றும் கையில் இருந்தால் மட்டும் ஆரம்பியுங்கள். 'எக்ஸ்பான்ஸ்' தொடரின் ஒன்பது நாவல்களில் ஆறாவதோடு நிறுத்தலாம். ஏழாவது சுமார் முப்பது ஆண்டுகள் தள்ளித் தொடங்குகிறது.

தமிழில் இந்த வரிசைக்குப் பக்கத்தில் வைக்க சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வும் அதன் தொடர்ச்சியான 'மீண்டும் ஜீனோ'வும் இருக்கின்றன. இதே ஊரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்தவர் எழுதியவை என்பதால் நமக்குக் கூடுதல் உரிமை. ஜீனோ என்ற எந்திர நாயின் வாய்த்துடுக்குக்காகவே படிக்கலாம். இரண்டாவதை முதலில் படித்தால் பாதி கிண்டல் பிடிபடாது. சர்ச் ஸ்ட்ரீட் அலமாரிகளில் தமிழ் அபூர்வம். அல்சூரில் தமிழ்ச் சங்க நூலகத்தில் விசாரிக்கலாம்.

நடைபாதையில் பிளாஸ்டிக் உறையில் அடுக்கி விற்கும் தடித்த ஃபேன்டஸி நாவல்களில் போலி அதிகம். அட்டைப்படம் லேசாக மங்கியிருக்கும், முதுகு எழுத்து நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், தாளின் பின்பக்க எழுத்து முன்னால் தெரியும். முக்கியமான சோதனை பக்க எண்கள்: நடுவில் மூன்று நான்கு இடத்தில் விரலை விட்டு எண் வரிசையைப் பாருங்கள். போலிகளில் பதினாறு அல்லது முப்பத்திரண்டு பக்கக் கட்டு ஒன்று இருமுறை வந்து, அடுத்த கட்டு காணாமல் போயிருக்கும். எண்ணூறு பக்க நாவலில் அது அறுநூறாம் பக்கத்தில்தான் தெரியவரும்.

அசல் பழைய பிரதியில் பார்க்க வேண்டியது முதுகு. பசை காய்ந்த தடிப் புத்தகத்தை நடுவில் விரித்தால் 'படக்' என்று சத்தம் கேட்கும். அது இன்னொரு வாசகரைத் தாங்காது, ஒரு சுற்றில் இரண்டாகிவிடும். மேல் விளிம்பில் பழுப்புப் புள்ளி இருந்தால் பரவாயில்லை, வயசு. கறுப்பு அல்லது பச்சைப் பூச்சு தேய்த்தால் பொடியாக வந்தால், பூஞ்சணம். மற்ற புத்தகங்களுக்கும் பரவும், எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். அட்டையின் ஓரம் சுரண்டினாற்போல் இருந்தால் வெள்ளிப்பூச்சி. அதை வாங்கலாம்: காற்றுப் புகாத பையில் போட்டு ஃப்ரீசரில் இரண்டு வாரம், எடுத்தபின் பையைத் திறக்காமல் ஒருநாள் வெளியே. உடனே திறந்தால் குளிர்ந்த தாளில் ஈரம் படிந்து தாள் நெளியும்.

இரவல் கொடுக்கும்போது தொடரை மொத்தமாகக் கொடுக்காதீர்கள். ஒரு பாகம் திரும்பி வந்தபின் அடுத்தது. 'ப்ரோக்கன் எர்த்' போல நடுவில் விடமுடியாதவை மட்டும் விலக்கு. முதல் தாளில் பென்சிலில், பெயரோடு, இது எத்தனையாவது பாகம், எந்தப் பாகத்தோடு நிறுத்தலாம் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். பேனா வேண்டாம், பின்னால் கடையில் விற்கப் போகும்போது விலை குறைப்பார்கள்.